விளையாட்டில் கொடுத்த வாக்கு

“விளையாட்டுக்குத்தானே வருகிறேன் என்றேன்; போகாவிட்டால் என்ன குற்றம்?” என்று உங்கள் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்?

2004இல் வெளிவந்த ‘வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட்’ என்னும் கணினி விளையாட்டில், தொடக்க காலத்தில் 40 பேர் வரை கூடிப் பெரும் பகைவனைத் தாக்குவர். அடி தாங்குபவர், காயம் ஆற்றுபவர், தாக்குபவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு பணி. குறித்த நேரத்தில் ஆயத்தத்தோடு வரவேண்டும் என்பதே குழுக்களின் எதிர்பார்ப்பு. காயம் ஆற்றுபவர் சொல்லாமல் நின்றுவிட்டால் மற்றவர்களின் மாலைப்பொழுது வீண்.

காத்தான்குடி போன்ற நமது கடலோர ஊர்களில் கரைவலை இழுப்போருக்கு இது புதிதல்ல. இரு கயிறுகளையும் இரு அணியினர் சீராக இழுக்கவேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் வலை கோணும், மீன் தப்பும்.

அங்கே போவது சோறு, இங்கே போவது பொழுதுதானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் நம்மை நம்பி ஒருவர் தம் நேரத்தை ஒதுக்கினாரே, அந்த நம்பிக்கை விளையாட்டல்ல.

குழுவுக்கும் எல்லை உண்டு. தாய் நோயுற்றிருக்க, பரீட்சை நெருங்கியிருக்க, “வந்தே தீரவேண்டும்” என்பது கொடுமை.

ஆகவே பிள்ளையிடம் சொல்லுங்கள்: இயலாததற்குச் சம்மதியாதே, சம்மதித்தால் போ, போகமுடியாவிட்டால் முன்கூட்டியே சொல்.