பணம் போகும் பாதையை யார் அடைக்கலாம்?

குஜிலியம்பாறை கடைவீதியில் உரக்கடை மேசையிலும் டீக்கடைச் சுவரிலும் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையை இன்று யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. பணம் வந்துவிட்டதென்று சின்ன ஒலிபெருக்கி சொன்னதும் வியாபாரி சரக்கைக் கட்டிக் கொடுக்கிறார். ஒரே ஒரு கடைக்கு மட்டும் அந்த வசதியை நிறுத்திவிட்டால், வாய் திறந்து சொல்லாமலே கடையைச் சாத்தச் சொன்னதாகிவிடும். சட்டம் அனுமதிக்கும் தொழிலுக்கு, பிடிக்கவில்லை என்பதற்காகப் பணப் பரிமாற்ற நிறுவனம் இப்படிச் செய்யலாமா?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி துப்பாக்கிக் கடைகளை வைத்து எழுந்தது. துப்பாக்கி விற்பனைக்குப் பணம் வசூலித்துத் தருவதில்லை என்று பேபால், ஸ்கொயர் போன்ற நிறுவனங்கள் பல ஆண்டுகளாக விதி வைத்திருக்கின்றன. 2018 பிப்ரவரி 14 அன்று புளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையாளி தன் 18 வயதில், சட்டப்படியே வாங்கிய துப்பாக்கி அது. மறுக்கும் நிறுவனங்களின் பக்கமுள்ள வலுவான நியாயமும் இதுதான். சட்டமே கோட்டைவிட்ட இடத்தில், இந்த விற்பனையில் எனக்குக் கமிஷன் வேண்டாம் என்று ஒருவர் விலகுவதைத் தப்பென்று எப்படிச் சொல்வது? பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் முன்னால் நின்றுகொண்டு, வியாபாரம் வேறு மனசாட்சி வேறு என்று பேச யாருக்கும் நா எழாது.

ஆனால் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். அடுத்த மாதமே புளோரிடா சட்டமன்றம் துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தியது. அதே மார்ச்சில் சிட்டி வங்கியும், தன் வாடிக்கையாளரான கடைகள் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டது. சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட முடிந்தது. இருதரப்பும் வாதாடி, 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. வங்கி தன் நிபந்தனையை அதே ஆண்டு ஜூனிலேயே கைவிட்டது. போடும்போதும் எடுக்கும்போதும் மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் பாதுகாப்பை இப்படிப்பட்ட ஏற்பாட்டை நம்பி விட முடியாது.

கடன் கொடுப்பது வேறு விஷயம். பொதுமக்களுக்காக ராணுவ பாணித் துப்பாக்கி செய்யும் நிறுவனங்களுக்குக் கடன் தருவதில்லை என்று 2018 ஏப்ரலில் பேங்க் ஆஃப் அமெரிக்கா சொன்னது. எதில் முதலீடு செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை கடன் கொடுப்பவருக்கு உண்டு. அடுத்தவர் பணத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக் கடத்திவிடுபவர் அதே உரிமையைக் கோரும்போதுதான் சிக்கல். பத்துப் பேரில் ஒருவர் மறுத்தால் வியாபாரி மற்ற ஒன்பது பேரிடம் போகலாம். எல்லாரும் சேர்ந்து மறுத்தால் அதற்குச் சட்டத்தின் பலம் வந்துவிடுகிறது, சட்டத்துக்குரிய பொறுப்பு மட்டும் வருவதில்லை.

நம் நாட்டிலும் இதற்கு நெருங்கிய வழக்கு ஒன்று உண்டு. கிரிப்டோ நாணய வணிகம் செய்வோருக்கு வங்கிச் சேவை தரக்கூடாது என்று 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. அந்த வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் எதுவும் அப்போது இல்லை. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் சுற்றறிக்கையை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் பணியாற்றிய நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். வங்கிகளுக்கு உண்மையில் என்ன கேடு விளைந்தது என்று ரிசர்வ் வங்கியால் காட்ட முடியவில்லை என்பதே தீர்ப்பின் மையம். அப்படியும் சில வங்கிகள் செத்துப்போன சுற்றறிக்கையையே காட்டி வாடிக்கையாளர்களை எச்சரித்தன. அதை இனி மேற்கோள் காட்டக் கூடாது என்று 2021 மே 31 அன்று ரிசர்வ் வங்கியே சொல்ல வேண்டியதாயிற்று.

இந்தியாவில் துப்பாக்கி விற்க 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். பட்டாசுக் கடைக்கும் உரிமம் உண்டு. யாருக்கு அனுமதி, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்க அதிகாரியும், அவருக்கு மேல் மேல்முறையீடும் இருக்கின்றன. உரிமத்தைக் கடுமையாக்க வேண்டுமென்றால் அங்கேயே கடுமையாக்கட்டும். கடைவீதி க்யூஆர் அட்டைகளுக்குப் பின்னாலுள்ள யுபிஐயை நடத்துவது ஒரே அமைப்பு என்பதால், அங்கே விழும் பூட்டுக்கு மாற்றுவழி கிடையாது. மறுக்கும் நிறுவனம் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அவகாசம் தர வேண்டும், மேலே முறையிட ஓர் இடமும் வேண்டும். ரிசர்வ் வங்கி 2021-ல் கொண்டுவந்த ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம், நிறுவனத்தின் வணிக முடிவு சம்பந்தப்பட்ட புகார்களை ஏற்பதில்லை என்றே விதி வைத்தது. கடைக்காரருக்கு அடைபட்டிருக்கும் கதவு அதுதான். முதலில் திறக்க வேண்டியதும் அதுவே.