கொடையா, கடனா? மலையகப் பாடசாலையும் நீதியும்

ஒரு பொருளைக் கொடையாகவும் வழங்கலாம், கடனாகவும் செலுத்தலாம். பெறுபவர் கையிற் சேரும் பொருள் ஒன்றே எனினும் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பெரிது. கொடையின் அளவையும் காலத்தையும் கொடுப்பவரே தீர்மானிக்கின்றார். பெறுபவர் நன்றி கூறி அமைய வேண்டும். கடனிலோ பெறுபவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. தாமதத்துக்குக் காரணங் கூற வேண்டியவர் கொடுப்பவரே. ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பறையோ விஞ்ஞான ஆசிரியரோ கிடைக்கும்போது, அது இவ்விரண்டுள் எது என்பது ஆராயத்தக்க அறவியல் வினாவாகும்.

வரலாறு இவ்வினாவுக்குப் பெருமளவு விடை தருகின்றது. ஆறு முதல் பத்து வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளின் கல்விக்கு வசதி செய்யும் பொறுப்பை 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. அதன் பயனாகத் தோன்றியவற்றுட் பல, ஒரு மண்டபமும் ஓர் ஆசிரியரும் மாத்திரமே கொண்ட பாடசாலைகள். 1945இல் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, நாட்டின் ஏற்றுமதிப் பொருள்களுள் முதன்மையானது தேயிலை. அதன் வருவாய் நாட்டின் கல்விச் செலவுக்குந் துணைநின்றது. ஆயினும் கொழுந்து பறித்தோரின் பிள்ளைகள் தோட்டப் பாடசாலைகளிலேயே நின்றனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த வாக்குரிமை இழப்பும் குறையை எடுத்துரைக்கும் குரலையும் பறித்தன. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே விடப்பட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகிய பின்னரே, அவை படிப்படியாகத் தேசியக் கல்வி முறையினுட் சேர்ந்தன. எனவே இங்குள்ள பற்றாக்குறை இயற்கையின் வறுமையன்று. செலுத்தப்படாது நின்ற நிலுவையாகும்.

முன்னோர் செய்த புறக்கணிப்புக்கு இன்றைய தலைமுறை எவ்வாறு பொறுப்பாகும் எனச் சிலர் வினவலாம். தனி மனிதரைப் பொறுத்தவரை இவ்வினா நியாயமானதே. ஆனால் அரசு என்பது ஒரு தலைமுறையுடன் முடிவதன்று. முந்திய அரசாங்கம் வெளிநாட்டிற் பெற்ற கடனைப் பிந்திய அரசாங்கம் செலுத்துகின்றது. பணக்கடன் தொடருமாயின், பிள்ளைகளுக்குரிய கடன் மாத்திரம் இடையில் அறுந்துவிடுமோ?

இன்று பாடத்திட்டமும் பரீட்சையும் அனைவருக்கும் பொதுவாகிவிட்டன. இதனினும் சமத்துவம் வேறு யாது என்பது மற்றொரு வாதம். சமமானவரைச் சமமாகவும், சமமல்லாதவரை அவ்வேறுபாட்டுக்கேற்பவும் நடத்துவதே நீதி என்பது அரிஸ்டோட்டிலின் கருத்து. மிகக் குறைந்த வசதி பெற்றோருக்குப் பயன் விளையும்போதே ஏற்றத்தாழ்வு நியாயமாகும் என 1971இல் ஜோன் றோல்ஸ் வாதிட்டார். கணித ஆசிரியரிடங் கற்ற பிள்ளைக்கும், கணித ஆசிரியரையே காணாத பிள்ளைக்கும் ஒரே வினாத்தாளை வழங்குவது வினாத்தாளின் சமத்துவமேயன்றிப் பிள்ளைகளின் சமத்துவமாகாது. கல்வியிற் பின்தங்கிய மாவட்டம் என்ற வகையில் நுவரெலியாவுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஒதுக்கீடு உண்டு. அது வேண்டியதே. ஆனால் அவ்வொதுக்கீடு இறுதி வாயிலைச் சற்று அகலத் திறக்கின்றதேயன்றி, சாதாரண தரத்துக்கு முன்னரே இடைவிலகிக் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்குச் சென்ற பிள்ளையை அவ்வாயிலுக்குக் கொண்டுவருவதில்லை. ஐந்து முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என 2016இல் விதிக்கப்பட்டது. பிள்ளையை வருமாறு கட்டாயப்படுத்தும் அரசு, அங்கே ஆசிரியர் இருப்பதை உறுதிசெய்யும் கட்டாயத்துக்குத் தானும் உட்பட்டதாகும்.

ஆசிரியர் பற்றாக்குறையை நிரப்ப, உயர்தரம் சித்தியெய்திய இளைஞர், யுவதியர் கடந்த தசாப்தத்தில் உதவி ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டனர். அவர்களுக்கு மாதந்தோறும் முதலில் 6,000 ரூபாவும், பின்னர் 10,000 ரூபாவும் கொடுப்பனவாக வழங்கப்பட்டன. ஏதுமின்மையினும் ஏதேனும் மேல் என்பது இங்கு பொருந்தும். வெறுமையாயிருந்த வகுப்பறைகளில் அவர்கள் நின்றனர். ஆயினும் குறைந்த கொடுப்பனவும் குறைந்த பயிற்சியும் நிலையான வழமையாகிவிடின், மலையகப் பிள்ளைக்கு இவ்வளவே போதும் என்னும் தீர்ப்பு அதனுள் மறைந்திருக்கும். இடைக்கால ஏற்பாடு அறமாவது, அது முடிவுறும் நாளும் பயிற்சிக்கான வழியும் குறிக்கப்பட்டிருக்கும்போதே.

பட்டம் பெற்றபின் நகரப் பாடசாலைக்கு இடமாற்றம் தேடும் மலையகப் பட்டதாரிக்கும் இக்கடனிற் பங்குண்டா? உண்டு, எனினும் விடுதியோ ஒழுங்கான பாதையோ இல்லாத இடத்தில் தியாகத்தை மாத்திரம் அவரிடங் கோருவது, அரசின் கடனைத் தனிமனிதரின் தோளில் ஏற்றுவதாகும்.

தமிழிற் கடன் என்னும் சொல் கடமையையும் குறிக்கும். திருப்பித் தரவேண்டியதையும் குறிக்கும். மலையகக் கல்வியில் இவ்விரு பொருளும் ஒன்றாகின்றன. ஒரு கட்டடம் திறக்கப்படும் நாளில் நன்றியுரை நிகழ்வது மரபு. அதனோடு, எஞ்சியுள்ள ஆசிரியர் வெற்றிடங்கள் எத்தனை, அவை எந்நாளில் நிரப்பப்படும் என்னும் வினாவும் அதே மேடையில் எழுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்புவது நன்றி மறத்தலன்று, உரியதைக் கேட்டலேயாகும்.