குற்றமற்ற இனிப்பு

அம்மாவைக் காட்டிக்கொடுத்தவை எறும்புகள். சுவரோரமாக வந்து, கட்டில் கால் வழியாக ஏறி, வரிசையாகத் தலையணைக்குள் போய்க்கொண்டிருந்தன. உறையைக் கழற்றிப் பார்த்தால், செய்தித்தாளில் மடித்து வைத்த ஒரு துண்டு வெல்லம். அம்மாவுக்கு அப்போது 68 வயது. சர்க்கரை நோய் வந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.

"ஏம்மா இப்படித் திருட்டுத்தனமா தின்னுற?" என்று கேட்டேன்.

அம்மா வெல்லத்தைக் கையில் வாங்கி, எறும்பை ஊதிவிட்டார். "என் வீட்டுல, என் காசுல வாங்குன வெல்லத்தை நான் தின்னா, அதுக்குப் பேரு திருட்டாடி?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது படித்த மகள்கள் என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன். ஆரோக்கியமான ஒரு குக்கீ செய்வது எப்படி என்று கற்றுக்கொண்டேன்.

தோல் கறுக்கத் தொடங்கிய பூவன்பழம் நான்கு. வெந்நீரில் ஊறவைத்துக் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் பன்னிரண்டு. இரண்டையும் மிக்ஸியில் விழுதாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு கப் ஓட்ஸ், அரை கப் உடைத்த முந்திரி, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசைந்து, தட்டி, 180 டிகிரியில் பதினெட்டு நிமிடம் ஓவனில் வைத்தால் பதினாறு குக்கீ கிடைக்கும். மைதா இல்லை, சர்க்கரை இல்லை, வெண்ணெய் இல்லை. மாவின் பசை செய்யும் வேலையை வாழைப்பழமும் ஓட்ஸும் சேர்ந்து ஓரளவு செய்கின்றன. மொறுமொறுப்பு மட்டும் வராது. பிஸ்கட் நொறுங்குவதற்குச் சர்க்கரையும் கொழுப்பும் வேண்டும். பழத்தின் ஈரம் உள்ளேயே தங்கிவிடுவதால் இது மறுநாளே பிசுபிசுத்துப்போகும்.

"இதை நீ தின்னலாம்மா. குற்றவுணர்ச்சியே இல்லாம தின்னலாம்" என்று தட்டை நீட்டினேன். 'கில்ட்-ஃப்ரீ' என்று கடைப் பாக்கெட்டுகளில் அச்சிடுகிறார்களே, அதன் தமிழாக்கம்.

அம்மா ஒன்றைக் கடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. பிஸ்கட்டுன்னு மட்டும் சொல்லாத. கொழுக்கட்டையைச் சுட்ட மாதிரி இருக்கு" என்றார். அனுமதி கிடைத்த தைரியத்தில் அன்று மாலை ஐந்து தின்றார். இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தபோது, வெல்லம் தின்ற நாள்களைவிட அளவு குறைந்திருக்கவில்லை.

குறையாததில் வியப்பில்லை. 100 கிராம் பேரீச்சையில் 60 கிராமுக்கு மேல் சர்க்கரைதான். வாழைப்பழம் கனியக் கனிய அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிக்கொண்டே போகும். என் கணக்குப்படி அந்தக் குக்கீ ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரைக்கு மேல் இருந்தது. ஓட்ஸின் மாவுச்சத்து தனி. பழத்தில் நார்ச்சத்து இருக்கிறது, தாது உப்புகள் இருக்கின்றன, உண்மைதான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் முழுப் பழத்தின் சர்க்கரை, குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில் சேரவில்லை. தேனும் பழச்சாறும் சேர்ந்தன. ஆனால் கணையம் தளர்ந்த ஓர் உடலுக்குப் பன்னிரண்டு பேரீச்சை பன்னிரண்டு பேரீச்சைதான். 'சர்க்கரை இல்லை' என்று நான் சொன்னது பாதிப் பொய். 'மாவு இல்லை' என்பதும் அப்படித்தான். ஓட்ஸை அரைத்தால் மாவு.

கணக்கில் பிழை என்றால் பேரீச்சையைக் குறைத்துத் திருத்திக்கொள்ளலாம். நான் யோசிக்க வேண்டியிருந்தது என் வாக்கியத்தின் மறுபாதியைப் பற்றி. 'குற்றவுணர்ச்சி இல்லாமல்' என்று சொன்னபோது, வெல்லம் தின்றது குற்றம் என்று நானே தீர்ப்பெழுதியிருந்தேன். மன்னிப்பையும் நானே ஓவனில் வைத்துச் சுட்டு எடுத்து வந்திருந்தேன்.

தமிழில் கேடு என்று ஒரு சொல் இருக்கிறது, குற்றம் என்று ஒரு சொல் இருக்கிறது. 'உடம்புக்குக் கேடு' என்றால் அது ஒரு தகவல். வெல்லம் ரத்தத்தில் என்ன செய்யும் என்று சொல்கிறது. தின்கிற ஆளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. குற்றம் என்பது ஆளைப் பற்றிய சொல். தகவலுக்குப் பதில் யோசனை. குற்றத்துக்குப் பதில் ஒளிவு. தலையணைக்குள் வெல்லம் போனது அந்த வழியாகத்தான்.

இந்தக் குற்றம் எல்லா நாக்குக்கும் சமமாகப் பங்கிடப்படவும் இல்லை. அப்பாவுக்கும் சர்க்கரை நோய் இருந்தது. விசேஷ வீடுகளில் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்குவார். "ஒரு நாள்தானே" என்று பந்தியே சிரிக்கும். நம் மொழியில் அவருக்கு ஒரு பட்டப்பெயர்கூடத் தயாராக இருக்கிறது: சாப்பாட்டு ராமன். கேலிதான், ஆனால் செல்லக் கேலி. சாப்பாட்டுச் சீதை என்று ஒருத்தி இல்லை. ஆசைப்பட்டுத் தின்கிறவளுக்கு மொழி வைத்திருப்பது 'நாக்கு நீளம்', 'தீனிக்காரி'. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குடும்பத்தை நிமிர்த்தியவள் என்பது ஒரு பெண்ணுக்கு அவள் இறந்த பிறகு கிடைக்கும் பெரிய பாராட்டு. அம்மா நாற்பது வருடம் கட்டிய வாயை மருத்துவரின் சீட்டைக் காட்டி நான் மறுபடியும் கட்டினேன். அப்பாவுக்கு இரவில் சப்பாத்தி, மற்றவர்களுக்குச் சோறு என்று இரண்டு அடுப்பில் சமைத்தவர் அம்மா. அம்மாவுக்கென்று தனியாக யாரும் சமைத்ததில்லை. நான் செய்த குக்கீதான் முதல் தடவை, அதுவும் தண்டனைக் குறைப்பாக.

உணவின் மீது ஒழுக்கத்தைத் தடவுகிற வேலை நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. 1830களில் அமெரிக்காவில் சில்வெஸ்டர் கிரஹாம் என்ற பாதிரியார், சலிக்காத கோதுமை மாவையும் காரசாரமில்லாத உணவையும் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். மசாலாவும் இறைச்சியும் காம இச்சையைத் தூண்டும், சப்பென்ற உணவு அதை அடக்கும் என்பது அவருடைய போதனை. கிரஹாம் கிராக்கர் என்ற பிஸ்கட்டுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ரொட்டியைக் கடையில் வாங்கக் கூடாது, வீட்டில் மனைவியோ தாயோ தன் கையால் செய்ய வேண்டும் என்றும் அவர் எழுதினார். நாக்கை அடக்குவதும் பெண்ணின் உழைப்பைக் கூட்டுவதும் அன்றே ஒரே தட்டில் வந்துவிட்டன. இன்றும் பத்து ரூபாய் பிஸ்கட்டுக்குப் பதிலாக ஆரோக்கியமான ஒன்று வேண்டுமென்றால், அதற்கு ஒருவரின் பிற்பகல் செலவாகிறது. அந்தப் பிற்பகல் பெரும்பாலும் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்றது. கால் விரலை இழந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். 'அவரவர் உடம்பு, அவரவர் விருப்பம்' என்று விட்டுவிட முடியுமா? ஒருவரின் சொந்த நன்மைக்காக மட்டும் அவரைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமையில்லை, பிறருக்குத் தீங்கு வந்தால்தான் தலையிடலாம் என்று 1859இல் ஜான் ஸ்டுவர்ட் மில் வாதிட்டார். ஆனால் குடும்பத்துக்குள் 'பிறர்' எங்கே தொடங்குகிறார்? அம்மாவின் பாதத்தில் புண் வந்தால் கட்டுப் போடப்போவது நான். விடுப்பெடுத்து மருத்துவமனை வராந்தாவில் உட்காரப்போவதும் நான். தம்பிக்கு அது நேராது. குடும்பம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. என் கோபத்தில் அந்தப் பயமும் கலந்திருந்தது.

அந்தப் பயத்தை அப்படியே சொல்லியிருக்கலாம். "உனக்குக் கால் போனா நான் தாங்க மாட்டேம்மா. பாக்கவும் என்னைத் தவிர ஆள் இல்ல" என்று சொல்லியிருந்தால் அது இரண்டு பெண்களுக்கு இடையே பேசித் தீர்க்க வேண்டிய விஷயமாக இருந்திருக்கும். திருட்டு என்றதும் நான் நீதிபதி ஆகிவிட்டேன். அம்மா குற்றவாளி ஆகிவிட்டார். நோயைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போய்விட்டது.

அப்படியானால் இனிப்பில் குற்றமே இல்லையா? இருக்கிறது. நாம் அதைத் தேடுகிற இடத்தில் இல்லை.

நான் பிறந்த நெல்லிக்குப்பம், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே சர்க்கரை ஆலை இருக்கும் ஊர். கரும்பு வண்டியின் பின்னால் ஓடி ஒரு கழியை உருவியெடுத்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. சர்க்கரையைக் குற்றத்தோடு சேர்த்துப் பார்க்கக் கற்றது பின்னாளில், புத்தகங்களில். 1790களில் இங்கிலாந்தில் பல குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையைத் தேநீரில் போட மறுத்தார்கள். அதில் அடிமைகளின் ரத்தம் இருக்கிறது என்றார்கள். 1820களில் எலிசபெத் ஹெய்ரிக் போன்றவர்கள் வீடு வீடாகப் போய் அந்தப் புறக்கணிப்பை மறுபடி எழுப்பினார்கள். அவர்களும் இனிப்பைப் பார்த்துக் குற்றவுணர்வு கொண்டவர்கள்தான். ஆனால் அவர்கள் கேட்டது 'இது என்னை என்ன செய்யும்' என்பதல்ல, 'இதை யார் செய்தார்கள்' என்பது. அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புக் காடுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள்; மொரீஷியஸுக்கு, நேட்டாலுக்கு, பிஜிக்கு. பிஜியில் வதைபட்ட பெண்களை நினைத்து பாரதி பாடியதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம்.

அது பழங்கதையும் இல்லை. மகாராஷ்டிரத்தில் கரும்பு வெட்டப் போகிறவர்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'கொய்த்தா', அதாவது ஓர் அரிவாள் என்று கணக்கு. ஒரு நாள் வராவிட்டால் அபராதம். மாதவிடாயும் வயிற்றுவலியும் அந்தக் கணக்கில் நஷ்டம். 2019இல் மாநில அரசு அமைத்த குழு, பீட் மாவட்டத்தில் விசாரித்த 82,000க்கும் மேற்பட்ட பெண்களில் 13,000க்கும் மேற்பட்டவர்கள் கருப்பையை அகற்றிக்கொண்டவர்கள் என்று கண்டது.

சர்க்கரையை விலக்கிய என் குக்கீ அதனால் சுத்தமாகிவிட்டதா? அதில் அரை கப் முந்திரி இருக்கிறது. நெல்லிக்குப்பத்திலிருந்து பண்ருட்டி பக்கம்தான். அங்கே முந்திரிக்கொட்டையை உடைக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஓட்டிலிருக்கும் எண்ணெய் தோலை அரித்துவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைக்கும் விரல்கள் கறுத்துத் தோலுரிந்திருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். 'கில்ட்-ஃப்ரீ' என்று அச்சிடுகிற எந்தப் பாக்கெட்டும் அந்த விரல்களைப் பற்றி ஒரு சொல் சொல்வதில்லை.

இதைச் சொல்வது தட்டின் முன் உட்கார்ந்து இன்னும் அதிகமாக வருந்துவதற்கு அல்ல. வருந்துவதற்கு ஒருவருக்கு இருக்கும் தெம்பு ஓரளவுதான். அதையெல்லாம் இடுப்புச் சுற்றளவுக்கும் நாக்குக்கும் செலவழிக்கும்படி பெண்கள் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறோம். கூலியைப் பற்றி, கையுறையைப் பற்றி, கருப்பையைப் பற்றிக் கேட்பதற்கு மிச்சமில்லாமல் போகிறது. குற்றவுணர்வு என்ற சொல்லை அந்த இடங்களுக்காக வைத்துக்கொண்டு, என் அம்மாவின் வெல்லத்துக்குக் கேடு என்ற சொல்லே போதும் என்று இப்போது நினைக்கிறேன்.

குளுக்கோமீட்டரையும் அளவு எழுதும் நோட்டையும் அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். என் பயத்தையும் சொன்னேன். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சில நாள்களில் கொட்டைப்பாக்கு அளவு வெல்லத்தை எல்லார் முன்னாலும் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார். அன்று சோற்றைக் குறைத்துக்கொள்கிறார். சில ஞாயிறுகளில் குக்கீ செய்கிறோம். பேரீச்சை ஐந்துதான், கொட்டை எடுப்பது அம்மா.

போன வாரம் நோட்டில் 212 என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே அவருடைய கையெழுத்தில் 'கல்யாண வீடு, ரெண்டு ஜாங்கிரி'. நான் பாதத்தை மட்டும் காட்டச் சொன்னேன். காலை நீட்டினார்.