இடைகழி போதும்

திண்டிவனத்து மூன்று கட்டு வீட்டை விட்டு விழுப்புரத்தில் இரண்டறைக் குடியிருப்புக்கு நாம் பெயரும் வேளையில், "இடம் போதுமா?" என்கிற கவலை எழுகிறது. இதற்குத் திருக்கோவலூரே விடை. ஒருவர் படுக்கவும், இருவர் இருக்கவும், மூவர் நிற்கவுமே இடமிருந்த இடைகழியில், மழையிரவில் முதலாழ்வார்கள் கூடினர். உலகளந்த எம்பெருமானே நான்காமவனாய் வந்து நெருக்கினான். விசாலமான மண்டபமாயின் மூவரும் மூன்று மூலைகளில் உறங்கியிருப்பர். அந்நெருக்கத்தில் பிறந்த மூன்று திருவந்தாதிகளும் நமக்குக் கிட்டியிரா.

ஆகையால் அண்டா குண்டான்களை வேண்டுவோர்க்குக் கொடுப்போம்; மிகுந்த ஸ்ரீகோசங்களை வாசிப்போர்க்கு ஸமர்ப்பிப்போம். முதலில் கோயிலாழ்வாருக்கு இடம் அளப்போம். அடுத்து, எழுந்தருளும் பாகவதர் ஒருவர் படுக்க இடம் விடுவோம். எஞ்சியதே நம் கட்டிலுக்கும் பீரோவுக்கும். சிறுவீட்டைக் காரணங்காட்டி, வந்தவரை வாசலோடு அனுப்பினால், இடைகழி வைபவத்தை இத்தனை காலம் கேட்டும் நமக்குப் பயனில்லை.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.