வேலி போட்டது யாரு?



எங்க வீடு சென்னிமலை பக்கம். மூணு மாசம் முன்னாடி சந்தையில ஒரு நாட்டுச்சேவல் வாங்கிட்டு வந்தேன். வீட்டுக்குப் பின்னாடி ஏற்கனவே ஒரு சேவலும் ஆறு பெட்டையும் இருந்தன. முருகன் கொடியில இருக்கிற பறவை, ரெண்டு இருந்தா அழகுதானேன்னு நேரா உள்ளே விட்டுட்டேன்.

பழைய சேவல் கழுத்தைச் சிலிர்த்துக்கிட்டுப் பாய்ந்தது. நான் தடுக்கவில்லை. யார் பெரியவன் என்பதைக் கோழிகள் கொத்தித்தான் தீர்த்துக்கும், அது இயற்கை, நாம குறுக்கே போகக்கூடாதுன்னு நெனச்சேன். போன்ல வீடியோ வேற எடுத்தேன். (எழுதவே கூச்சமா இருக்கு.) புதுசுக்குக் கொண்டை கிழிஞ்சு ரத்தம் வந்ததும் பெட்டைகளும் சேர்ந்து அதே காயத்தைக் கொத்த ஆரம்பிச்சிடுச்சு.

அம்மாயி ஓடிவந்து அதைத் தூக்கிப் பஞ்சாரத்துல கவுத்தாங்க. "இதெல்லாம் இயற்கைதானே அம்மாயி"ன்னேன்.

"காட்டுல தோத்தது ஓடிப் போயிரும் சாமி. இங்க வேலி போட்டது யாரு?"

எனக்குப் பதில் வரலை.

சூரசம்ஹாரக் கதை நமக்கெல்லாம் தெரியும். மாமரமா நின்ன சூரனை வேல் ரெண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். 'முருகன் கருணை காட்டினார்' என்பதோடு நாம நிறுத்திடறோம். ஆனா அவர் 'பிழைச்சுப் போ'ன்னு விட்டுடலையே! ஒன்றை வாகனமாக்கி, இன்னொன்றைக் கொடியில் ஏற்றி, ரெண்டுக்கும் தன் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். எதிரிக்கே அப்படி. நானோ காசு கொடுத்துக் கூட்டிட்டு வந்தவன்.

அப்புறம் செஞ்சதெல்லாம் முதல் நாளே செஞ்சிருக்க வேண்டியது. மூணு வாரம் தனிக்கூண்டு. வெள்ளைக்கழிச்சல் மாதிரி நோய் இருந்தா பெரும்பாலும் அதுக்குள்ள தெரிஞ்சிடும். பிறகு நடுவில் கம்பிவலை. பார்த்துக்கலாம், கொத்த முடியாது. தீனியும் தண்ணியும் ரெண்டு இடத்துல. கடைசியா ஒருநாள் இருட்டி எல்லாம் அடைஞ்ச பிறகு, அதையும் கூட்டத்தோட உட்கார வெச்சோம்.

ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டை வேணும்பாங்க. ஆறை வெச்சுக்கிட்டு ரெண்டு சேவல் என்பது என் ஆசை மட்டும்தான். ஒண்ணைக் குழம்பு வெச்சிடலாம்னார் அப்பா. அவர் கணக்குல தப்பில்லை. ஆனா நான் கணக்குப் பார்க்காததுக்கு அது ஏன் சாகணும்? மேலும் எட்டுப் பெட்டை வாங்கினோம். அதுங்களுக்கும் அதே மூணு வாரம்.

ரெண்டும் இன்னும் சிநேகமாகலை. புதுசு கூவினா பழசு துரத்திட்டுத்தான் வருது. விறகு அடுக்குக்குப் பின்னாடி ஒரு சந்து விட்டு வெச்சிருக்கேன். ஓடிப்போய் அதுக்குள்ள நின்னுக்கிட்டு, அங்கிருந்து இன்னொரு தடவை கூவுது.

ஓம் சரவணபவ.