தீயா சின்மயியா என்ற பொய்க் கேள்வி

ஒரே பாட்டை இருவர் பாடியிருந்தால் யாருடையது நல்லது என்று கேட்பதில் தப்பே இல்லை. காது உள்ளவன் கேட்கத்தான் செய்வான். அந்தக் கேள்வியோடு எழும்பிப் போய்விடுகிறவனை இசை ரசிகன் என்று சொல்லத்தான் எனக்கு மனம் வருவதில்லை. அவன் சேவல் சண்டைக்குக் காசு கட்ட வந்தவன். சேவல்கள் யாருடையவை, காலில் கத்தியைக் கட்டியது யார் என்பதெல்லாம் அவனுக்கு வேண்டாத விசாரணை.

2025 மே 24ஆம் திகதி சென்னையில் 'தக் லைஃப்' பாடல் வெளியீட்டு விழா நடந்தது. மணிரத்னம் படம், ரஹ்மான் இசை. 'முத்த மழை' பாட்டைத் தமிழில் பதிவு செய்திருந்தவர் பாடகி தீ. அன்றைக்கு அவர் வர முடியாததால், அதே பாட்டைத் தெலுங்கிலும் ஹிந்தியிலும் பாடியிருந்த சின்மயி மேடையேறித் தமிழில் பாடினார். அதே விழாவில் கன்னடத்தின் பிறப்பைப் பற்றிக் கமல்ஹாசன் சொன்ன ஒரு வசனத்தால் கர்நாடகத்தில் படம் முடங்கி, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது தனிக் கதை. பாட்டுச் சண்டைக்கு அது எந்த இடைஞ்சலும் செய்யவில்லை. சின்மயி பாடிய காணொளி கடல் தாண்டித் தோப்பூருக்கும் வந்து சேர்ந்தது.

தோப்பூர் இலங்கையில் மூதூருக்குத் தெற்கே இருக்கிறது. வயலும் களப்பும் வளைகுடா நாட்டுச் சம்பளமும் சோறு போடுகிற முஸ்லிம் ஊர். இஷாத் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணிக் கடையில் இளந்தாரிகள் கூடுவார்கள். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துத் தீ பாடியதை ஒரு தரம், சின்மயி பாடியதை ஒரு தரம், பிறகு சரணம் தொடங்குகிற இடத்துக்கு விரலால் இழுத்து இரண்டையும் மறுபடி ஒரு தரம். "தீ நம்மட புள்ள மச்சான், இலங்க வேரு" என்பது ஒரு கட்சி. "வேர வெச்சி என்ன செய்யிற, கொரலப் பாரு" என்பது மற்றது. றொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்த கடைக்காரக் காக்காதான் கேட்டார்: "இந்தளவு பாடுற புள்ள, அப்ப ஏன் இவ்வளவு நாளா தமிழ்ப் படத்துல பெருசாக் காணல்ல?" "அது பழைய கத காக்கா" என்றான் ஒருவன். போன் மறுபடி சரணத்துக்குப் போனது.

பழைய கதைதான். 2018 ஒக்டோபரில் '96' வெளியானது. அதில் த்ரிஷாவுக்காகப் பேசியதும் சின்மயி, பாட்டுகளில் ஒலித்ததும் சின்மயி. அதே மாதம், கவிஞர் வைரமுத்து தன்னிடம் பாலியல் ரீதியாக அத்துமீறினார் என்று அவர் வெளியே சொன்னார். வைரமுத்து மறுத்தார். நீதிமன்றம் எதையும் தீர்த்துச் சொல்லவில்லை. எனவே தீர்ப்புச் சொல்லும் வேலை எனக்கும் இல்லை. ஆனால் தண்டனை மட்டும் வந்தது. நவம்பரில் டப்பிங் கலைஞர் சங்கம் சின்மயியை நீக்கியது. சொன்ன காரணம், சந்தா கட்டவில்லை. பாட்டு வாய்ப்பும் அருகிப் போனது.

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். குற்றம் நிரூபிக்கப்படவில்லை, அதனால் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தண்டனை இல்லை. சரி, ஏற்றுக்கொள்கிறேன். சொன்னது பொய் என்றும் நிரூபிக்கப்படவில்லையே. அப்படியானால் சொன்னவருக்குத் தண்டனை எந்தச் சட்டப்படி? நிரூபணம் வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு மட்டும் கேட்பவன் நிரூபணத்தில் அக்கறை உள்ளவனல்ல. அவனுக்குப் பிடித்த முடிவுக்கு நிரூபணம் ஒரு சாக்கு. 2023இல் 'லியோ'வுக்காக லோகேஷ் கனகராஜ் சின்மயியை மறுபடி த்ரிஷாவுக்குப் பேச வைத்தார். ஒரு இயக்குநர் நினைத்தால் முடிகிற காரியம் இடையில் இத்தனை காலம் முடியாமல் இருந்தது என்றால், அத்தனை காலமும் நினைக்காமல் இருந்தவர்கள் யார் என்பதுதானே கேள்வி? தீயைத் தேர்ந்தது மணிரத்னத்தின், ரஹ்மானின் உரிமை. அதில் நான் தலையிடவில்லை. கடைக்காரக் காக்காவின் கேள்வியைக் கேட்டவர்கள் தமிழ்நாட்டிலும் இருந்தார்கள். கொஞ்ச நாளில் அது 'யார் குரல் இனிப்பு' என்பதற்குள் கரைந்துபோனது. தீயோடு தன்னை ஒப்பிட வேண்டாம் என்று சின்மயியே சொல்லிப் பார்த்தார். சண்டைக்காரர்களுக்கு அதுவும் சண்டை போட இன்னொரு வசனமாகிப் போனது.

தீயை இந்தக் கூட்டம் இன்னொருவரோடு மோதவிட்டது இது முதல் தரமல்ல.

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. தீயும் பாடகர் அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது, 'மாஜ்ஜா' என்ற நிறுவனம் வெளியிட்டது. நாற்பது கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. எந்தப் படத்திலும் இல்லாத ஒரு தமிழ்ப் பாட்டு அந்த அளவுக்குப் போவது சும்மா விஷயமல்ல. அந்தப் பாட்டின் ஒரு வேர் இலங்கையில் இருக்கிறது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இங்கே தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பியவர். மலையக மக்களின் குடியுரிமையை 1948இன் சட்டம் பறித்தது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்ச ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிலத்தைத் திருத்தியவனுக்கு நிலமில்லாமல் போன கதை அது. பாட்டும் அதைத்தான் பேசுகிறது. 2006 ஓகஸ்டில் மூதூரும் தோப்பூரும் ஷெல்லடிக்குப் பயந்து பிள்ளைகுட்டியோடு கந்தளாய்க்கு ஓடிய ஊர்கள். இங்கே கல்யாண வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டபோது யாரும் யாருக்கும் பொருள் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பாட்டு வந்த 2021இன் ஓகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டீ போலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் கேட்டார், பலரும் கேட்டார்கள், பிறகு அறிவின் படத்தோடு இன்னொரு அட்டை வந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு அரங்கேறியபோதும் அறிவு இல்லை. அந்தப் பாட்டை எழுதியதும் மெட்டமைத்ததும் பாடியதும் தானே என்று அவர் பிறகு அறிவித்தார். அது கூட்டாகச் செய்த வேலை என்று சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் விளக்கத்தைச் சொன்னார்கள். ஒரு தலித் கலைஞனின் பெயர் ஏன் திரும்பத் திரும்ப விடுபடுகிறது என்பது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. ரசிகக் கூட்டம் அதைக் கையிலெடுத்த விதத்தில்தான் கோளாறு. அட்டைப்படத்தைத் தீர்மானித்தவர்களையும் விழா மேடையை அடுக்கியவர்களையும் விட்டுவிட்டு, ஒரு இளம் பாடகியைப் பிடித்து உலுக்கினார்கள். மறுதரப்பு அறிவை நன்றிகெட்டவன் என்றது.

2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் ஒரு காணொளியில் வந்து, அந்தப் பாட்டால் தங்கள் மூவருக்குமே அதுவரை ஒரு சதமும் வந்து சேரவில்லை என்றார். நிறுவனம் தன் பக்க விளக்கத்தைச் சொன்னது. எந்தக் கணக்கு சரி என்று தீர்க்கும் ஆவணம் என் கையில் இல்லை. ஆனால் மூன்று வருடமாக யார் பெரியவர் என்று மோதவிடப்பட்ட மூவரும், கூலி கேட்கும் வரிசையில் ஒன்றாக நின்றவர்கள் என்பது அன்றைக்கு வெளிச்சமானது. அதைக் கேட்டுக் கொதித்தவர்களின் எண்ணிக்கையை 'அறிவா தீயா' என்று கொதித்தவர்களின் எண்ணிக்கையோடு வைத்துப் பாருங்கள். பாட்டுக்காரியோடு மோதுவது சுகம், ஒப்பந்தத்தை வாசிப்பது சிரமம்.

இதில் ஒரு கெட்டிக்கார வாதம் உண்டு. அந்த மெட்டு ஒப்பாரியில் இருந்து வந்தது, பறையில் இருந்து வந்தது, மரபு எல்லோருக்கும் சொந்தம், அதை ஒருத்தன் 'என்னுடையது' என்று சொல்லலாமா? கேட்க அழகாக இருக்கும். மரபு எல்லோருக்கும் சொந்தம் என்கிறவர்கள், காசு வருகிறபோது அதையும் எல்லோருக்கும் சொந்தம் என்று சொல்லி நான் கண்டதில்லை. ஒப்பாரி பொதுச் சொத்து என்றால் அதில் இருந்து வருகிற வருமானத்தில் ஒப்பாரி பாடிய சனங்களுக்கு எவ்வளவு என்ற அடுத்த கேள்விக்கும் பதில் வேண்டும். பொதுவுடைமை, உழைத்தவனின் பெயரை அழிக்க மட்டும் நினைவுக்கு வருகிறது.

தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிற ஒருவரை என்ன செய்வது என்று நம் ரசிகனுக்கு விளங்குவதில்லை என்பதும் ஒரு காரணம். சினிமா அவனுக்கு மூன்று ஆட்களைப் பழக்கியிருக்கிறது: எழுதுகிறவர், இசையமைக்கிறவர், பாடுகிறவர். இலங்கையில் நித்தி கனகரத்தினம் கிட்டாரை வைத்துக்கொண்டு மூன்றையும் ஒருவராகச் செய்தார். 'சின்ன மாமியே' தெரியாத தமிழன் குறைவு. அவருடைய பெயர் தெரிந்தவனும் குறைவு. ஏ.ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய இலங்கைப் பைலாப் பாட்டு 'சுராங்கனி', 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்குள் போனது. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' தன் பாட்டை எடுத்தாண்டதற்காக இளையராஜா நோட்டீஸ் அனுப்பியபோது அவருடைய ரசிகர்கள் உரிமை, நியாயம் என்று வரிந்து கட்டினார்கள். உரிமைதான், நானும் அவர் பக்கம். இந்தியச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம், பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி காப்பாற்றுவது நல்ல காரியம். அதே நியாயத்தை அந்தப் பைலாவுக்கும் கேட்கிற ரசிகன் எங்கே? தன் ஆளுக்கு மட்டும் கேட்டால் அதற்குப் பெயர் கட்சி.

பழைய இலங்கை வானொலி ஒரு நல்ல பழக்கம் வைத்திருந்தது. படம், பாடியவர், எழுதியவர், இசை என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். எங்கள் வாப்பாமார் கண்ணதாசனையும் மருதகாசியையும் பிரித்தறிந்தது அப்படித்தான். இன்றைக்குப் போன் திரையில் பெயரைத் தேடிப் பார்க்க ஒரு விரல் போதும். அந்த விரல் ஒருநாளும் அங்கே போவதில்லை.

ரஹ்மான் 2009இல் ஒஸ்கார் மேடையில் எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று தமிழில் சொன்னபோது எங்கள் ஊர் பூரித்துப் போனது. அவருடைய நம்பிக்கை அவருடையது. வேடிக்கை என்னவென்றால், இசை ஹராம் என்று அடித்துச் சொல்லுகிற ஆட்களும் அன்றைக்குப் பூரித்தார்கள். இசை ஹராம் என்றால் அந்த ஒஸ்காரும் ஹராம்தானே? அவர் முஸ்லிம் என்பதற்காக மட்டும் பெருமைப்பட்டால் அந்தப் பெருமைக்கும் மார்க்கத்துக்கும் சம்பந்தமில்லை. தீ நம்மட புள்ள என்கிற அதே ஊர்ப் பாசம், தொப்பி போட்டுக்கொண்டு வருகிறது. நோன்பு காலத்தில் நாகூர் ஹனீபாவின் குரல் இல்லாமல் வளர்ந்த தலைமுறை எங்கள் பக்கத்தில் கிடையாது. அந்தப் பாட்டுகளை எழுதியவர்கள் யார் என்று பள்ளி முற்றத்தில் கேட்டுப் பாருங்கள். பதில் வராது. புகழெல்லாம் இறைவனுக்கு என்று விட்டால், எழுதியவனுக்குச் சேரவேண்டியதைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

இசை கூடுமா கூடாதா என்று மார்க்க அறிஞர்களே ஒன்றுபட்டதில்லை. இப்னு ஹஸ்ம், தடைக்குக் காட்டப்படும் ஆதாரங்கள் பலமற்றவை என்றார். இமாம் கஸ்ஸாலி தன் 'இஹ்யா' நூலில் இசை கேட்பதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கி, நிபந்தனைகளோடு அனுமதித்தார். மறுத்தவர்களும் பெரிய ஆட்கள்தான். ஆயிரம் வருட வாதத்தை எங்கள் ஊரில் ஒரு பார்வையில் தீர்த்துவிடுகிறோம், அதுவும் பாடுவது பெண்பிள்ளையாக இருந்தால் மட்டும்.

நான் படிப்பிக்கிற பக்கத்தில், ஐந்தாம் ஆறாம் வகுப்பில் குரலெடுத்துப் பாடுகிற பிள்ளைகள் பெரியபிள்ளையானதும் மேடையில் இருந்து காணாமல் போகிறார்கள். தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பாவோதல் என்று பெயர் கொடுக்கலாம். இசைக்குக் கொடுத்தால் வீட்டில் இருந்து ஆள் வரும். அதே வயதுப் பையன் கஸீதா பாடினால் பரிசு, கைதட்டல், வீடியோ. தடை என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. சுற்றறிக்கை இல்லை. சந்தா பாக்கி என்றுகூட யாரும் சொல்வதில்லை.

போட்டிப் படிவத்தின் அடியில் பெற்றோர் கையொப்பம் என்று ஒரு கோடு இருக்கிறது. மகளுக்கு அதில் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிய ஒரு வாப்பாவைத் தேடிப் போனேன். சின்மயிக்குச் சென்னையில் நடந்தது அநியாயம் என்று என்னிடம் மணிக்கணக்காகப் பேசியவர் அவர். ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்டுமில்ல சேர். பள்ளி நிருவாகத்தால ஏதும் சொல்லுவாங்க" என்றார்.

பள்ளி நிருவாகத்தில் அவரும் ஒரு உறுப்பினர்.