பிடித்தது

'எனக்குப் பிடிக்கும்' என்கிறோம். 'நான் பிடிப்பேன்' என்றும் சொல்கிறோம். முன்னது ஆசை, பின்னது வேட்டை. ஆனால் சொல் ஒன்றுதான். நம் பாஷையைச் செய்தவர்கள் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்று ஏன் நினைக்கவில்லை? இது வெறும் தற்செயல் என்று இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். இப்போது அப்படி எண்ண முடியவில்லை.

காரணம், என் தங்கை மகன். ஒன்பது வயது. சிங்கப்பூரில் பிறந்து வளர்கிறவன். கார்த்திகை மாதத்தில் கள்ளக்குறிச்சிக்கு வந்தவன், கையோடு ஒரு பழைய கேம் பாய் கருவியையும் கொண்டு வந்திருந்தான். அவன் தகப்பனார் சிறுவயதில் வைத்து விளையாடியது. அதனுள் ஒரு பச்சைக் கம்பளிப்புழு இருந்தது. கேட்டர்பி என்று பெயர். போக்கிமான் என்ற அந்த விளையாட்டில் அதற்குப் பத்தாவது எண். காட்டில் திரியும் அதை அடித்துக் களைக்க வைத்து, ஒரு பந்தை எறிந்து பந்துக்குள் அடைத்துவிட வேண்டும். அப்புறம் அது நம் தோழன். நமக்காகச் சண்டை போடும். ஏழாம் படியில் கூடாகும். பத்தாம் படியில் வண்ணத்துப்பூச்சியாகும்.

"அடிச்சுப் பிடிச்ச பிறகு அது எப்படிடா ஃபிரண்ட் ஆகும்?" என்று கேட்டேன்.

"பிடிச்சதாலதான் மாமா ஃபிரண்டு. பிடிக்கலேன்னா அது யாரோ!" என்றான்.

பையன் சாமர்த்தியமாகப் பேசுகிறான் என்று சிரித்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு அந்தப் பதில் தூங்கவிடவில்லை.

எனக்கும் அவன் வயதில் அப்படி ஒரு தோழன் இருந்தது. பொன்வண்டு. மழைக்காலம் வந்தால் போதும், கொடுக்காப்புளி மரங்களையும் வேலமரங்களையும் அண்ணாந்து பார்த்தபடியே பள்ளிக்கூடம் போவோம். கழுத்தில் பச்சையும் பொன்னுமாக மினுக்கும் பட்டை, முதுகில் செம்பழுப்பு ஓடு. நான் பிடித்ததைத் தீப்பெட்டியில் வைத்தேன். கொழுந்து இலையாகப் பார்த்துப் பறித்துப் போட்டேன். வகுப்பில் டிராயர் பைக்குள் அது சுரண்டும் சத்தம் எனக்கு மட்டும் கேட்கும். அப்போது ஏற்பட்ட சந்தோஷம் அதற்குப் பிறகு எந்தப் புத்தகம் அச்சாகி வந்தபோதும் ஏற்பட்டதில்லை. பெட்டிக்குள் அது முட்டையிட்டது. குஞ்சு பொரிக்கும் என்று காத்திருந்தேன். பொரிக்கவில்லை. பொன்வண்டின் முட்டை மண்ணில் விழ வேண்டும். புழு மண்ணுக்குள்ளே வேரைத் தின்று வளர வேண்டும். அந்த ஞானம் அன்று எங்களில் யாருக்கும் இல்லை.

சொல்லக் கூசுகிற விஷயம் இனிமேல்தான். வண்டு செத்துப்போனது எனக்கு மூன்று நாள் வரைக்கும் தெரியாது. தினம் இலை போட்டேன். தினம் திறந்து பார்த்தேன். அதே மினுக்கு! அந்த நிறம் சாயமல்ல. ஓட்டிலுள்ள நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் உண்டாவது. உயிர் போனாலும் அது மங்காது. 1888-ல் லண்டனில் எலன் டெர்ரி என்ற நடிகை லேடி மாக்பெத்தாக நடித்தபோது, இத்தகைய வண்டுகளின் இறக்கை ஓடுகளை ஆயிரக்கணக்கில் தைத்த அங்கி ஒன்றை அணிந்தாள். இங்கிலாந்தில் அது இன்னும் இருக்கிறது, இன்னும் மின்னுகிறது. நான் ஏமாந்ததில் ஆச்சரியம் என்ன? இலையை யார் தின்கிறார்கள் என்று நான் பார்க்கவே இல்லை. மினுக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அதன்மேல் வெறுப்பா? இல்லை. அலட்சியமா? அதுவும் இல்லை. ஊரிலேயே அந்த வண்டின்மேல் உயிராக இருந்தவன் நான் ஒருவன்தான். அதைக் கொன்றவனும் நான்தான். இந்த இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியும் என்பதைச் செரித்துக்கொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது. மனைவி மக்கள் விஷயத்திலும், நான் கதைக்குள் பிடித்துப்போட்ட மனிதர்கள் விஷயத்திலும் அது முழுதாகச் செரித்துவிட்டது என்று இன்றைக்கும் சத்தியம் பண்ண மாட்டேன்.

பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையைப் பள்ளியில் கொடைமடம் என்று கற்றுக்கொடுத்தார்கள். மயிலுக்குக் குளிராது, போர்வை வேண்டியதில்லை. பேகனுக்கும் என்னைப்போல அறியாமைதான். ஆனால் போர்த்தியவன் மயிலைக் கையில் எடுத்துக்கொண்டு அரண்மனைக்குப் போகவில்லை. போர்த்திவிட்டுத் தன் வழியே போய்விட்டான். அவனுக்கும் எனக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த விளையாட்டில் ஜீவன்கள் தோற்றால் சாவதில்லை, மயங்கி விழும். வைத்திய நிலையத்தில் கொடுத்தால் கண நேரத்தில் எழுந்துவிடும். எத்தனை பேரைப் பிடித்து எத்தனை காலம் பெட்டியில் வைத்தாலும் கையில் பாவம் ஒட்டாது. சௌகரியம்தான். ஆனால் அதை உண்டாக்கிய சதோஷி தஜிரியின் கதை வேறு. 1965-ல் பிறந்தவர். டோக்கியோவின் ஓரத்திலுள்ள மச்சிதாவில் வளர்ந்தவர். சிறுவயதில் பூச்சி பிடிப்பதே வேலையாக அலைந்தவர். அவர் வளர வளர, குளங்களும் வயல்களும் வீடும் சாலையுமாகிவிட்டன. இரண்டு கருவிகளை இணைக்கும் கம்பியைக் கண்டபோது, அதன்வழியே பூச்சி ஊர்ந்து போவதாக அவருக்குத் தோன்றியதாம். 1996-ல் விளையாட்டு வெளிவந்தது. இனி பூச்சியே காணாத பிள்ளைகளுக்கு, தாம் அனுபவித்த ஆனந்தத்தை அப்படிக் கொடுத்தார். பிடித்துப் பிடித்துப் பழகியவருக்குத்தான் இழந்தது என்னவென்று தெரிந்தது. இது என் வாதத்துக்கு இடைஞ்சலான செய்திதான், அதற்காக மறைக்கக்கூடாது.

ஒன்று மட்டும் அதில் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததை வெளியே விட்டுவிடலாம். விடுமுன் கருவி எச்சரிக்கிறது: விட்டால் போனதுதான், திரும்ப வராது. "எப்பவாச்சும் விட்டிருக்கியா?" என்று கேட்டேன். "வேண்டாததை விட்டிருக்கேன்" என்றான். வேண்டியதை? தலையை ஆட்டிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கல்வராயன் மலைக்கு அழைத்துப்போனேன். வெள்ளிமலையும் கரியாலூர் ஏரியும் பார்த்தோம். மரவள்ளிக் காட்டோரம் நடந்தோம். ஒன்றும் அவன் மனசில் நிற்கவில்லை. மத்தியானத்துக்குமேல் இறங்கி, கோமுகி அணையருகே பஸ்ஸுக்கு நின்றபோதுதான் வேலமரத்துக் கிளையில் அது தெரிந்தது.

"மாமா! என்ன இது? பிடிச்சுக் கொடுங்க!"

'பாவம், விட்டுடு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. நான் கொன்று கற்றதை இவன் கேட்டே கற்றுக்கொள்வானா? தொடாதே என்று தள்ளி நிறுத்தினால், இவனுக்கு அது யாரோ. யாரோ ஒரு வண்டு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஒரு வண்டின் அரைமணி நேரத்தை இவனுக்காகச் செலவிட எனக்கு அதிகாரம் ஏது என்றும் மனசு கேட்டது. அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. டீக்கடையில் காலித் தீப்பெட்டி ஒன்று வாங்கி வந்தேன்.

"பஸ் வர்ற வரைக்கும்தான்" என்றேன்.

பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டான். முகம் மாறியது. இலை போட்டான். திறந்து திறந்து பார்த்தான். கருவி என் பையில் கிடந்தது, கேட்கவே இல்லை. தூரத்தில் ஹாரன் கேட்டதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனாகவே கிளையருகே பெட்டியை நீட்டினான். வண்டு நிதானமாக ஏறிக்கொண்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

பெட்டியின் மூலையில் அரிசிபோல் ஒரு முட்டை இருந்தது. இரண்டு பேருமாகக் குச்சியால் மரத்தடி மண்ணைக் கிளறி அதைப் போட்டு மூடினோம்.

"எத்தனை நாள்ல வண்டாகும் மாமா?"

"ஒரு வருஷம் ஆகும். மேலேயும் ஆகும்."

"அப்ப நான் இங்கே இருக்க மாட்டேனே."

பஸ் வந்து நின்றது. உட்கார இடம் இல்லை.